ஹஸ்கேல் வீடு புளித்துப் பொங்கிய வாரம்

கருங்கல்துறை யூதர் தெருவின் கடைசி யூத வீடு பொங்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வந்துபோன பிறகு, தண்ணீர் லாரி வருவதற்கு முன்பு. ஆகவே அதை முதலில் பார்த்தவர்கள் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள்தான், அவர்களும் வீடு வரிசைக்குள் வந்து நிற்கிறதே, நாம் கொஞ்சம் தள்ளி நிற்போம் என்று குடங்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் ஹஸ்கேல் அப்போது உள்ளே ஏணியில் நின்று மேல்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். துறைமுகச் சாலையில் படகுகளுக்குக் கயிறு விற்கிறவர், வயது ஐம்பத்தெட்டு, எதையும் ஒரு தடவை செய்துவிட்டு, செய்தது சரிதானா என்று பல தடவை யோசிக்கிறவர், தெருவிலிருந்த யூதர்கள் எல்லோரும் வீட்டை விற்றுவிட்டு இஸ்ரேலுக்கு விமானம் ஏறியபோது, போவது சரியா இருப்பது சரியா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் இருந்துவிட்டவர்.

சுரண்டியதற்குக் காரணம் பெஸஹா பண்டிகை. அவர்களுடைய முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி ஓடியபோது பிசைந்த மாவு புளிக்க நேரமில்லாமல் போனதால், அந்த நினைவுக்காக வருடாவருடம் எட்டு நாள் புளித்த மாவில் செய்த எதையும் அவர்கள் தின்னக்கூடாது; தின்னாமல் இருந்தால் மட்டும் போதாது, அது வீட்டில் இருக்கவே கூடாது, ஒரு ரொட்டித் துணுக்குக்குக்கூட அவர்கள் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. அதனால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே பீரோக்கள் தெருவுக்கு வந்துவிடும், மெத்தைகள் வெயிலுக்கு வந்துவிடும், சட்டைப் பைகள் உள்வெளியாகத் திருப்பப்படும், பாத்திரங்கள் கொதிக்கிற அண்டாவில் முங்கி எழும். தெரு அதற்கு ரொட்டி வேட்டை என்று பெயர் வைத்திருந்தது. ஹஸ்கேல் வீட்டில் ரொட்டி வேட்டை தொடங்கிவிட்டது, இனி வெயில் ஏறும் என்று ஆட்டோக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் சுவரைச் சுரண்டுவது வழக்கத்தில் இல்லாதது. அது மகள் தமாருக்காக. இரண்டு வருடம் முன்பு அவளும் கணவன் அவ்னேரும் இஸ்ரேலின் அஷ்தோத் நகரத்திலிருந்து பண்டிகைக்கு வந்திருந்தார்கள். அவ்னேரின் அப்பா இதே தெருவில் கோலி விளையாடியவர்தான், அவனும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவன்தான், ஆனால் அங்கே வேதபாடசாலையில் படித்தவன், சட்டம் என்று வந்தால் மயிரிழை பிசகாதவன். பண்டிகைக்கு முந்திய தினம் பெட்டியை வைப்பதற்காகக் கட்டிலை நகர்த்தியபோது சுவரோரம் ஒரு பிஸ்கட் துண்டு கிடந்தது. அவன் கோபித்துத் திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தகர டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தான். எட்டு நாளும் தமார் அப்பாவின் மேஜை முன்னால் உட்கார்ந்து, காகிதத் தட்டில், டப்பாவிலிருந்து சாப்பிட்டாள். அம்மா வைத்த மீன்குழம்பு சட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போனது.

இந்த வருடம் தமார் போனில் சொன்னாள்: "இந்தத் தடவை நம்ம வீட்டுலயே சாப்பிடணும்ப்பா."

ஹஸ்கேலுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டு நேரே போய்ப் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் இடுக்குகளில் உட்கார்ந்தார். ஜன்னல் முடிந்து கதவு, கதவு முடிந்து கீல், கீல் முடிந்து தரையோடுகளுக்கு நடுவே ஓடும் கோடு. புத்தகங்களைப் பக்கம் பக்கமாக விசிறினார். மின்விசிறியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்ததில் அது இடம்வலமாகச் சுற்ற ஆரம்பித்தது. அவர் மனைவி சிம்ஹா, கொஞ்சம் பேசி நிறையச் சிரிக்கிறவள், இப்படியே போனால் நம் இரண்டு பேரையும் அண்டாவில் போட்டு எடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று கேட்டதற்கு, அதையும் யோசித்தேன், அண்டா போதாது என்று பதில் சொன்னார். பிறகு சுவர்களைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக அடித்த வெள்ளைப்பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் அடியில் எத்தனை வருடத்து ரொட்டித் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றியது. தோன்றியபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பூச்சு பூச்சாகச் சுரண்டிக்கொண்டே போய், கடைசியில் பாட்டனாரின் அப்பா கட்டியபோது பூசிய சாந்து வரைக்கும் இறங்கிவிட்டார். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் கோதுமைக் கஞ்சியும் சேர்த்துக் குழியில் போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைத்த சாந்து அது. இத்தனை காலம் மூடிக் கிடந்தது காற்றைக் கண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது, இதைப் பற்றி மேலும் ஆராய்ச்சி செய்தவர்கள் யாரும் தெருவில் இல்லை.

மத்தியானத்துக்குள் முன்கதவு நிலையில் அடங்கவில்லை. கூடம் அகன்றுபோய், சமையலறையிலிருந்து சிம்ஹா கொண்டுவந்த காப்பி வாசலுக்கு வரும்போது ஆறியிருந்தது. தரை நடுவில் பன் போல எழும்பியது. எதிர்வீட்டுப் பொன்மாரி, தெரு முழுவதற்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து சுவரில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். விரல் போன பள்ளம் மெதுவாக மேலெழுந்து சமமானது. முகர்ந்து பார்த்தாள்.

"நல்லாப் பொங்கியிருக்கு அண்ணாச்சி. இதுக்கு மேல விட்டா ரொம்பப் புளிச்சிரும்."

"இது வீடு, பொன்மாரி."

"வீடுதான். யாரு இல்லன்னா? நான் பதத்தைச் சொன்னேன்."

ஹஸ்கேல் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் எந்த வீடு எந்த வாரம் வேண்டுமானாலும் புளிக்கட்டும், தன் வீடு இந்த வாரம் புளித்ததே என்பதை அவர் மனதில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிஸ்கட் துண்டாக இருந்தால் எடுத்து எறியலாம். புளித்ததை வீட்டிலிருந்து அகற்று என்றுதான் சட்டம் சொல்கிறது. புளித்தது வீடாகவே இருந்தால் எதிலிருந்து எதை அகற்றுவது என்று அது சொல்லவில்லை.

தெருவுக்கு அப்படிப்பட்ட குழப்பம் எதுவும் இல்லை. பொங்குவது நல்லது என்று அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மொட்டைமாடி வழிந்தபோது வாசலில் கூடிநின்ற பெண்கள் குலவையிட்டார்கள். டீக்கடைக்காரர், வீட்டின் நிழல் இப்போது தன் கடைவரை வருவதால் பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டார். மின்வாரியத்து ஆள் வந்து, கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டு, வீடு இன்னும் வளருமானால் நாளைக்கே சொல்லிவிடுங்கள், நாளை மறுநாள் நான் விடுப்பு என்றான். பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் மரியாதையாக வந்து, பொங்குவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் முடிந்தால் கிழக்கே பார்த்துப் பொங்கச் சொல்லுங்கள், மேற்கே மினாரா இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். கவுன்சிலர் வந்து, இது தன் முயற்சியால் நடந்தது என்று சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பொன்மாரி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். புது மாவு புளிப்பதற்குப் பழைய மாவில் ஒரு கை எடுத்துச் சேர்ப்பது போல, சுவரிலிருந்து ஒரு கை கேட்டாள். ஹஸ்கேலுக்கு அது வீட்டைவிட்டுக் குறைந்தால் சரி என்றிருந்தது. தாராளமாக எடுத்துக்கொள் என்றார். அவள் அதைத் தன் ஒற்றை அறை வீட்டின் மூலையில் அப்பிவைத்தாள். விடிந்தபோது அந்த மூலையில் ஒரு அறை வந்திருந்தது. கல்யாணமாகிப் பத்து மாதமாகப் பெண்ணின் தாய்வீட்டிலேயே தங்கியிருந்த அவள் மகனும் மருமகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு மத்தியானமே வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? கிண்ணத்தோடும் தம்ளரோடும் பிளாஸ்டிக் வாளியோடும் தெரு ஹஸ்கேல் வாசலில் நின்றது. எடுக்க எடுக்கச் சுவர் குறையவில்லை, அந்த இடம் இன்னும் வேகமாகப் பொங்கியது. ஒருவருக்குக் கழிப்பறை வந்தது, ஒருவருக்குப் பூஜை அறை வந்தது, வாடகைக்கு இருந்தவர்களுக்கு வந்த அறையை வீட்டுக்காரர்கள் வந்து பூட்டினார்கள். நன்றி சொல்லாமல் போனவர் யாருமில்லை. நன்றி சொல்ல வந்தவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை: கோதுமை அல்வா, பரோட்டா, பன், ரவா கேசரி. ஹஸ்கேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்று, வேண்டாம், தயவுசெய்து உள்ளே கொண்டுவராதீர்கள் என்று கும்பிட முடியாமல் தலையால் கும்பிட்டார். இவ்வளவு செய்துவிட்டு ஒரு பன்னைக்கூட வாங்கிக்கொள்ளமாட்டேன் என்கிறாரே, என்ன மனுஷன் என்று தெரு நெகிழ்ந்தது.

வியாழக்கிழமை அவர் மும்பையில் இருக்கும் ரபிக்குப் போன் செய்தார். ரபி அவர்களுக்குச் சட்டம் சொல்லும் பெரியவர். அதிர்ச்சியடைகிற வயதைத் தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றைத்தான் கேட்டார்: அதை ஒரு நாய் தின்னுமா? நாய்கூடத் தின்னாத அளவுக்குக் கெட்டுப்போனது புளித்ததாகாது, அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது பழைய சட்டம். ஹஸ்கேலுக்கு உயிர் வந்தது. சுண்ணாம்பை எந்த நாய் தின்னும்?

ஆட்டோ ஸ்டாண்டில் படுத்திருக்கும், யாருக்கும் சொந்தமில்லாத செவலை நாயைக் கூட்டிவந்தார்கள். தெரு வட்டமாக நின்றது. ஓர் ஆட்டோக்காரர், சட்னி இல்லாமல் தின்னச் சொல்வது நியாயமில்லை என்றார். அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். நாய் சுவரை ஒரு சுற்று பார்த்தது. பிறகு காலைத் தூக்கியது. ஹஸ்கேலின் முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது. நாய் காலை இறக்கிவிட்டு, வேறொரு இடத்தை முகர்ந்து, நக்கி, பிறகு வாயால் ஒரு துண்டைப் பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. ஊரே கைதட்டியது. நம்ம வீடு நல்ல வீடு என்று தீர்ப்பாகிவிட்டது போல ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

ஆக, விற்பதுதான் வழி. அதற்கும் வழக்கம் உண்டு. அகற்ற முடியாத புளித்த பண்டத்தை எட்டு நாளைக்கு வேற்று மதத்தவருக்கு விற்றுவிடலாம். கைக்குட்டையின் ஒரு நுனியை விற்கிறவரும் மறு நுனியை வாங்குகிறவரும் பிடித்துக்கொண்டால் விற்றதாக அர்த்தம். வருடாவருடம் ஹஸ்கேலின் மிச்சக் கோதுமை மாவையும் பிஸ்கட் டின்னையும் இப்படி வாங்கிக்கொள்பவர் பக்கத்து வீட்டு மீராசா, படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர், ஹஸ்கேலைவிட மூத்தவர். அந்தக் கடற்கரை முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது போல ஹஸ்கேலும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவார். ரமலான் மாதமாதலால் மீராசா நோன்பில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வீட்டை அடியிலிருந்து மேல்வரை பார்த்தார்.

"முழுசும் எனக்கா?"

"முழுசும்தான் காக்கா. உள்ள இருக்கிற சட்டிபானை எல்லாம் சேத்து."

"எட்டு நாளைக்குள்ள ஒழுகிச்சுன்னா?"

"நீங்கதான் பாக்கணும்."

"அதான் பாத்தேன்" என்றபடி மீராசா கைக்குட்டையின் நுனியைப் பிடித்தார். பிடித்த நிமிடத்திலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. தாறுமாறாக வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக விடச் சொன்னார்.

சட்டம் ஒன்றைச் செய்ததால் இன்னொன்றை விட்டுவிடச் சொல்வதில்லை. பண்டிகைக்கு முந்திய நாள் அந்தி சாய்ந்ததும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டைத் தேட வேண்டும். கிடைக்கும் துணுக்குகளை இறகால் மரக்கரண்டியில் கூட்டி எடுக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் போய்விடக்கூடாது என்பதற்காக மனைவி சில ரொட்டித் துண்டுகளை முன்கூட்டியே ஒளித்துவைப்பாள். ஹஸ்கேல் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு, ஒளித்து வைத்துவிட்டாயா என்று சிம்ஹாவைக் கேட்டார்.

"எதை ஒளிச்சு வைக்கச் சொல்றீங்க? வீட்டையா?"

அவர் மீராசாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தேடினார். உப்பிய சுவர்களுக்கு நடுவே, புளிப்பின் இதமான வாசனையில், இறகைக் கையில் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகப் போனார். ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தமாரும் அவ்னேரும் மறுநாள் காலையில் வந்தார்கள். தெரு இருபுறமும் பொங்கிக் குறுகிவிட்டதால் கார் முனையிலேயே நின்றுவிட்டது. பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். ஹஸ்கேல் வாசலில் நின்றார். சொல்லவேண்டியதை ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார், ஆனால் மகள் முகத்தைப் பார்த்ததும் வீடு வித்தாச்சு தமார் என்று மட்டும்தான் வந்தது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் உள்வாங்கி, அவள் கைக்குத் தக்கபடி இடம் கொடுத்தது. மேற்குப் பக்கம் வாரம் முழுக்கச் சாய்ந்த வெயிலில் வெந்து, ஓரம் பொன்னிறமாக முறுகியிருந்தது. அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அப்பா, பசிக்குது. விமானத்துல ஒண்ணும் சாப்பிடலை."

அன்றைய காலை ஒரு விசித்திரமான காலை. பண்டிகையின் புளிப்பில்லா அப்பத்தை மாலைவரை தொடக்கூடாது. பழைய ரொட்டி ஏற்கெனவே போய்விட்டது. அடுப்பும் பாத்திரமும் விற்கப்பட்டுவிட்டன. மகளுக்குக் கொடுக்க அந்த வீட்டில் எதுவும் இல்லை, வீட்டைத் தவிர. ஹஸ்கேல் மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியாக மருமகனைப் பார்த்தார்.

அவ்னேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். புளித்ததைத் தின்ன இன்று முற்பகல்வரை சட்டத்தில் இடமுண்டு. "இன்னும் நேரமிருக்கு மாமா," என்றான். பிறகு அவனுக்கே உரிய அடுத்த கேள்வியைக் கேட்டான். "ஆனா இது இப்ப யாரோடது?"

"என்னோடது," என்றார் மீராசா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியில் ஏறி நின்றார். "நான் நோன்பு. நீங்க சாப்பிடுங்க. என் வீட்டு வாசல்ல வந்து பிள்ளை பசியோட நிக்கிறதாவது."

ஹஸ்கேல் மேற்குச் சுவரில் முறுகலான இடம் பார்த்து விரலால் அகழ்ந்து ஒரு துண்டை எடுத்தார். ஊதினார். அவள் வாயைத் திறந்தாள், முப்பத்திரண்டு வயதுப் பெண், சூட்கேசைக் காலடியில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் வாயைத் திறந்தாள், அவர் ஊட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்று, விழுங்கி, இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் ஊட்டினார். அவ்னேர் ஒரு தடவை மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டினான். அவனுக்கும் கொடுத்தார். பொன்மாரி தேங்காய்ச் சட்னியோடு ஓடி வந்தாள். அப்புறம் யாரையும் அழைக்கவேண்டியிருக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் நிலைப்படியைத் தின்றார்கள், தண்ணீர் வரிசைப் பெண்கள் ஜன்னலோரத்தைத் தின்றார்கள், நோன்பாளிகள் மாலையில் நோன்பு திறப்பதற்காகத் துண்டு துண்டாக எடுத்து மூடி வைத்தார்கள், மீராசா எல்லோரையும் இன்னும் சாப்பிடச் சொல்லி உபசரித்தார். அவ்னேர் நேரமாகிவிட்டது, போதும் என்று சொன்னபோது மேற்குச் சுவர் இருந்த இடத்தில் மினாராவும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன.

பண்டிகை முடிந்து மீராசா கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது வீடு அளவுக்கு மீறிப் புளித்த மாவு போல அமுங்கித் தன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மற்றவர்களுடைய அறைகள் மட்டும், யாருக்கும் சொல்லாமல், அப்படியே நின்றுகொண்டன. அதெல்லாம் பிறகு. அன்று மாலை பண்டிகை தொடங்கியபோது ஹஸ்கேல் குடும்பத்துக்கு உட்கார இருந்த ஒரே இடம் கயிற்றுக் கடை. அதை அவர் ஒரு தடவைகூடப் பெருக்கவில்லை. அவ்னேர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் எதையும் தின்றதேயில்லை, இதைவிடச் சுத்தமான இடம் கிடையாது என்றான். கயிற்றுச் சுருள்களின் மேல் உட்கார்ந்தார்கள். பாத்திரங்கள் மீராசாவுடையவை என்பதால் தகர டப்பாக்கள் வெளியே வந்தன. தமார் முன்னால் காகிதத் தட்டும் டப்பா மத்தி மீனும் வந்தபோது சிம்ஹா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹஸ்கேல் சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மகள் நம் வீட்டில் சாப்பிட்டாளா இல்லையா? சட்டப்படி பார்த்தால் அவள் சாப்பிட்டது மீராசா காக்காவின் வீட்டை, மீராசா காக்காவின் அனுமதியோடு. நம் வீடு அப்போது நம் வீடாக இல்லை. அப்படியானால் அது என்ன கணக்கு? பக்கத்து வீட்டில் விருந்து. இந்த இடத்துக்கு வந்து அவர் தலைகுனிந்தபோதுதான், மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில், வெந்த சுவரின் ஒரு துணுக்கு, வெள்ளையாக, கடுகைவிடச் சிறியதாக இருந்தது.

ஒரு மாதம் பல்துலக்கியோடு தேடிய பொருள். பண்டிகை தொடங்கியாகிவிட்டது. வீட்டை விற்றார், சட்டிபானையை விற்றார். கையை அவர் யாருக்கும் விற்கவில்லை. ஆகவே, எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், அது அவருடையதுதான்.

சடங்குப்படி முதலில் கை கழுவ வேண்டும். அவ்னேர் தண்ணீர்ச் செம்போடும் துண்டோடும் ஒவ்வொருவரிடமாக வந்து, அவர் முன்னால் குனிந்தான்.

"கையை நீட்டுங்க மாமா."

ஹஸ்கேல் வழக்கம்போலப் பல தடவை யோசித்தார். பிறகு வலது கையை மெதுவாக மூடிக்கொண்டு, இடது கையை நீட்டினார்.